புது வாய்க்கால் தூர்வது ஏன்?

ஊருக்கெல்லாம் படியளக்கும் களஞ்சியக்காரன் தன் வீட்டு உலைக்கு வேண்டிய அரிசியை வேறொரு வழியாகப் பெறுகிறான் என்றால் நாம் வியப்படைவோம். நம் உடலில் அத்தகைய களஞ்சியக்காரன் ஒருவன் இருக்கிறான். இதயமே அவன். தலை முதல் கால் வரை எல்லா உறுப்புகளுக்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தன் அறைகளில் நிறைந்து நிற்கும் இரத்தத்திலிருந்து தன் தசைக்கு வேண்டியதை நேரே எடுத்துக்கொள்வதில்லை. மகாதமனியின் அடியிலிருந்து கிளைக்கும் இரண்டு சிறிய தமனிகளின் வாயிலாகவே அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. மகுடம் போல் இதயத்தைச் சூழ்ந்திருத்தலின் இவற்றிற்கு மகுடத் தமனிகள் என்று மேனாட்டார் பெயரிட்டனர். இவற்றின் குறுக்களவு சில மில்லிமீட்டரே. இவற்றுள் ஒன்று அடைபடுமாயின், அதனை நம்பியிருக்கும் தசைப்பகுதி உயிரிழக்கிறது. மாரடைப்பு என்று நாம் அஞ்சும் நோய் இதுவே.

வாய்க்கால் அடைபட்டால் உழவர் என்ன செய்வர்? மேல்மடையிலிருந்து புது வாய்க்கால் ஒன்றை வெட்டி, அடைப்பைச் சுற்றிக் கடந்து, காய்ந்து கிடக்கும் கீழ்வயலில் நீரைச் சேர்ப்பர். அறுவை மருத்துவரும் இதனையே செய்கின்றனர். நோயாளியின் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, அதன் ஒரு முனையை மகாதமனியிலும், மறுமுனையை அடைப்புக்கு அப்பாலுள்ள மகுடத் தமனியிலும் வைத்துத் தைக்கின்றனர். ‘பைபாஸ்’ என்று இன்று எல்லா மொழியினரும் வழங்கும் அறுவைச் சிகிச்சையின் சாரம் இவ்வளவே.

ஆனால் புது வாய்க்காலும் தூர்ந்து போகிறதே! சில நோயாளிகளுக்குச் சில நாட்களிலும், சிலருக்குச் சில மாதங்களிலும், பலருக்குப் பத்தாண்டு, பதினைந்தாண்டுகளிலும் அது அடைபட்டுவிடுகிறது. ஏன்? இந்த ஒற்றைக் கேள்விக்கு விடை தேடி மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது. அந்த வரலாற்றையே நாம் இங்கே காணப் புகுகிறோம்.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு, இவ்வரலாற்றின் திறவுகோல் ஒரு சொல்லிலேயே அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. இவ்வாறு வைத்துத் தைக்கப்படும் நாளத்தை ஆங்கில மருத்துவர் ‘கிராஃப்ட்’ என்பர். அது தோட்டக்காரரிடமிருந்து பெற்ற சொல். தமிழில் நாம் ‘ஒட்டு’ என்கிறோம். ஒட்டுமாங்கன்றைக் கண்டவர்கள் அறிவார்கள்: ஒட்டிய கிளை உயிருள்ளது, புது வேரோடு இணங்கினால் தழைக்கும், இணங்காவிடில் பட்டுப்போகும். வாய்க்கால் என்ற உவமை பாதி உண்மையே. காலிலிருந்து எடுத்த சிரை வெறுங்குழாய் என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. அது உயிருள்ள ஒட்டு என்பதை மருத்துவ உலகம் படிப்படியாகக் கற்றுக்கொண்டதே இவ்வாராய்ச்சியின் கதை.

நாளத்தைத் தைக்கக் கற்றல்

1894-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியரசின் தலைவர் ஸாதி கார்னோ, லியோன் நகரில் ஒருவனால் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றினுள் பெரியதொரு சிரை கிழிந்துவிட்டது. கிழிந்த நாளத்தைத் தைக்கும் வழி அன்று எந்த மருத்துவருக்கும் கைவரவில்லை. தலைவர் உயிர் துறந்தார். அதே நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்ஸிஸ் காரெல் என்னும் இளைஞரின் உள்ளத்தில் இந்நிகழ்ச்சி தைத்தது. லியோன், பட்டுக்கும் பூவேலைக்கும் பெயர்பெற்ற நகரம். அங்கே பூத்தையல் வல்ல பெண்மணி ஒருவரிடம் அவர் நுண்ணிய ஊசிவேலையைப் பயின்றார் என்பர். 1902-இல் இரத்தக் குழாய்களை முனையோடு முனை வைத்துத் தைக்கும் முறையை அவர் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று, சிக்காகோவில் சார்ல்ஸ் கத்ரி என்பாருடன் சேர்ந்து, விலங்குகளின் தமனியில் சிரைத்துண்டுகளை ஒட்டிப் பார்த்தார். 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காரெல் கண்ட செய்திகளுள் ஒன்று நம் கதைக்கு இன்றியமையாதது. தமனியில் ஒட்டப்பட்ட சிரையைச் சில காலம் கழித்துத் திறந்து பார்த்தபோது, அதன் சுவர் தடித்திருந்தது. மெல்லிய சிரை, தன் புதிய இடத்திற்கு ஏற்பத் தமனி போல் மாறத் தொடங்கியிருந்தது. இதனை அவர் ஒட்டு வெற்றிபெற்றதன் அடையாளமாகவே கருதினார். அந்தத் தடிப்பே பின்னாளில் பல நோயாளிகளுக்குக் கேடாக முடியும் என்பதை அன்று யார் அறிந்திருக்க முடியும்?

1910-இல் காரெல் இன்னும் ஒரு படி முன்சென்றார். நாய் ஒன்றின் மகாதமனியிலிருந்து மகுடத் தமனிக்கு மாற்றுப் பாதை ஒன்றை ஒட்டிப் பார்த்தார். தையல் முடிவதற்குள் இதயம் தாளந் தவறியது. நாய் நெடுநேரம் பிழைத்திருக்கவில்லை. எண்ணம் சரியானதே, காலம் கனியவில்லை.

மாற்றுப் பாதை பிறந்த கதை

காலம் கனிவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அடைப்பு எங்கே உள்ளது என்று முதலில் காணவேண்டுமே! 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் மேஸன் ஸோன்ஸ் என்பவர் ஒரு நோயாளியின் மகாதமனியில் சாயத்தைச் செலுத்திப் படம் எடுக்க முயன்றார். மெல்லிய குழாய் தானாக வழுவி மகுடத் தமனிக்குள் புகுந்துவிட்டது. சாயம் முழுதும் அதற்குள் பாய்ந்தது. இதயம் சில நொடிகள் நின்றது. “இருமுங்கள்” என்று ஸோன்ஸ் கூவினார், நோயாளி இருமினார், இதயம் மீண்டும் துடித்தது. மகுடத் தமனியில் நேரே சாயம் செலுத்தினால் மனிதன் இறந்துவிடுவான் என்று நம்பியிருந்த மருத்துவ உலகிற்கு, அந்தத் தற்செயல் புதிய கண்ணை அளித்தது. ஒட்டு திறந்திருக்கிறதா, அடைபட்டதா என்று பின்னாளில் ஆராய முடிந்ததும் இக்கண்ணினாலேயே.

1964-இல் லெனின்கிராட் நகரில் வஸீலி கோலெஸாவ் என்னும் ருஷ்ய மருத்துவர், துடித்துக்கொண்டிருந்த இதயத்தின்மீதே உள்மார்புத் தமனியை மகுடத் தமனியோடு தைத்தார். மார்பெலும்பின் இருமருங்கும் உட்புறமாக இறங்கும் தமனிகள் இவை. தம் நாட்டு மருத்துவர் பலரே ஐயுற்றபோதும் அவர் தம் பணியைத் தொடர்ந்தார். எனினும் அவரது முறை உலகெங்கும் பரவவில்லை.

உலகெங்கும் பரவியது வேறொருவரின் முறை. அர்ஜென்டீனாவின் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் மருத்துவம் பார்த்துவிட்டு, 1962-இல் கிளீவ்லாந்து வந்து சேர்ந்தவர் ரெனே ஃபவலோரோ. 1967-ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலின் மேற்பரப்புச் சிரையைக் கொண்டு மாற்றுப் பாதை அமைத்தார். இந்தச் சிரை கணுக்கால் முதல் தொடையின் மேற்புறம் வரை நீண்டு கிடப்பது, எளிதில் எடுக்கத்தக்கது, ஆழத்தில் வேறு சிரைகள் இருப்பதால் கால் இதனை இழந்தும் இயங்கவல்லது. மூன்று, நான்கு ஒட்டுகளுக்குப் போதுமான நீளம் ஒரே காலில் கிடைத்துவிடும். ஆதலால் சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் இச்சிகிச்சையைப் பெற்றனர்.

நம் நாட்டிலும் இது விரைவில் வந்தது. 1975-இல் சென்னைப் பெரம்பூரிலுள்ள ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இவ்வறுவையைச் செய்தார். இந்தியாவில் வெற்றியுடன் நிகழ்ந்த முதல் மாற்றுப் பாதை அறுவை இதுவே என்பர். ரயில்வே ஊழியருக்கென எழுந்த ஒரு மருத்துவமனை இப்பெருமையைப் பெற்றது நினைவிற் கொள்ளத்தக்கது.

கணக்கெடுத்தோர்

அறுவை முடிந்தது, நெஞ்சுவலி நின்றது, நோயாளி மகிழ்ச்சியுடன் வீடு சென்றார். கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கு இக்கட்டுரைக்கு வேலையில்லை. சிலர் மீண்டும் வலியுடன் திரும்பினர். இறந்தோரின் ஒட்டுகளைத் திறந்து பார்த்த நோய்க்கூற்று ஆய்வாளர், 1970-களின் தொடக்கத்திலேயே உட்சுவர் தடித்துப் பாதை குறுகியிருப்பதைக் கண்டனர்.

எத்தனை ஒட்டுகள், எத்தனை ஆண்டுகளில் அடைபடுகின்றன? இதற்கு விடை காண வேண்டுமாயின், நலமாக இருப்போரையும் விடாமல் இடையிடையே அழைத்துப் படமெடுக்க வேண்டும். கனடாவின் ஆட்டவா நகர இராணுவ மருத்துவமனையில் ஜெரால்டு ஃபிட்ஸ்கிப்பனும் அவர்தம் துணைவரும் இதனைச் செய்தனர். 25 ஆண்டுகளில் 1,388 நோயாளிகளின் 5,065 ஒட்டுகளை அவர்கள் பின்தொடர்ந்தனர். 1996-இல் வெளியான அவர்தம் கணக்கின்படி, சிரை ஒட்டுகளில் அறுவைக்குப் பின் விரைவில் எடுத்த படங்களில் நூற்றுக்கு 88 திறந்திருந்தன. ஓராண்டில் அது 81 ஆயிற்று, ஐந்தாண்டில் 75, பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனபோது 50. அதாவது ஒவ்வோர் இரண்டு ஒட்டுக்கும் ஒன்று போயிற்று.

இவ்வெண்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இழப்பு ஒரே சீராக நிகழவில்லை. முதல் சில வாரங்களில் ஒரு வீழ்ச்சி. பின்னர் மெல்லிய சரிவு. அதன்பின் ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் ஒரு தேய்வு. ஆராய்ச்சியாளர் இதிலிருந்து, அடைப்புக்குக் காரணம் ஒன்றன்று, மூன்று என்று வகுத்தனர். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் பகை: உறைகட்டி

முதல் மாதத்தில் ஒட்டை அடைப்பது உறைந்த இரத்தம். நாளத்தின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக உயிரணுக்கள் பரவியிருக்கின்றன. மெழுகிய தரை போல வழவழப்பான அந்த அடுக்கின்மீது இரத்தம் ஒட்டுவதில்லை. காலிலிருந்து சிரையைப் பிரித்தெடுக்கும்போதும், கசிவு உண்டா என்று பார்க்க அதற்குள் நீர்மத்தை அழுத்தி ஊதும்போதும், அவ்வடுக்கு ஆங்காங்கே உரிந்துவிடுகிறது. உரிந்த இடத்தில் இரத்தத்தின் தட்டணுக்கள் வந்து படிகின்றன. அவற்றின்மேல் கட்டி வளர்கிறது.

இப்பகைக்கு எளிய மருந்து ஒன்று கிடைத்தது. தலைவலிக்கு நாம் வாங்கும் ஆஸ்பிரின், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஜேம்ஸ் செஸ்ப்ரோவும் அவர்தம் துணைவரும், ஆஸ்பிரினையும் டிபிரிடமோல் என்னும் மருந்தையும் ஒருசாரார்க்கு அளித்து, மறுசாரார்க்கு வெறும் மாவு மாத்திரை அளித்தனர். 1982-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, முதல் மாதத்திற்குள் மருந்து பெற்றோரிடம் ஒட்டின் தையல்வாய்களில் நூற்றுக்கு 3 அடைபட்டன. மருந்து பெறாதோரிடம் 10 அடைபட்டன. ஆஸ்பிரின் மட்டுமே போதும் என்பது பின்னர் தெளிவாயிற்று. அறுவைக்குப் பின் உடனே இதனைக் கொடுத்தால் குருதி பெருகுமோ என்று மருத்துவர் அஞ்சியதுண்டு. 2002-இல் டென்னிஸ் மாங்கானோ தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகளில் திரட்டப்பட்ட கணக்கு அவ்வச்சத்தைத் தணித்தது. 48 மணி நேரத்திற்குள் ஆஸ்பிரின் உண்டோரில் இறந்தவர் நூற்றுக்கு 1.3, உண்ணாதோரில் 4.0.

இரண்டாம் பகை: தடிக்கும் சுவர்

கால்சிரை அமைதியான இடத்தில் வாழ்ந்து பழகியது. நாம் படுத்திருக்கும்போது அதனுள் இருக்கும் அழுத்தம் பாதரச அளவில் 10 மில்லிமீட்டர் போல்தான். தமனியிலோ சராசரி அழுத்தம் ஏறத்தாழ 100. ஓடையில் நீந்திய மீனை அருவியின்கீழ் விட்டாற்போல், அந்தச் சிரை ஒரே நாளில் பத்து மடங்கு அழுத்தத்திற்கு ஆளாகிறது. துடிப்புக்குத் துடிப்பு அதன் சுவர் இழுபடுகிறது.

உயிருள்ள பொருள் இதற்கு மறுமொழி சொல்லாமல் இருக்குமா? சுவரின் நடுப்பகுதியிலுள்ள தசையணுக்கள் விழித்தெழுகின்றன, பெருகுகின்றன, உட்புறம் நோக்கி நகர்ந்து புதிய அடுக்கு ஒன்றை எழுப்புகின்றன. வலுவற்ற சுவருக்கு முட்டுக் கொடுக்கும் முயற்சியே இது. அளவோடு நின்றால் நன்மை. அளவு மீறினால் பாதை குறுகும். 1973-இல் ஸீயாட்டில் நகர ஆய்வாளர் ரஸல் ராஸும் அவர்தம் துணைவரும், தமனி நோய்க்கு வேர் உட்சுவர்க் காயத்திற்கு உடல் காட்டும் எதிர்ச்செயலே என்னும் கொள்கையை எடுத்துரைத்தனர். ஒட்டில் நிகழ்வதை விளங்கிக்கொள்ள அக்கொள்கை பெரிதும் துணைபுரிந்தது. காரெல் கண்ட தடிப்பின் பொருள் எழுபது ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு தெளிவாயிற்று.

உட்சுவர் உயிரணுக்கள் வெறும் மெழுக்கல்ல என்பதும் இக்காலத்தே விளங்கியது. நாளத்தைத் தளரச் செய்யும் ஒரு பொருளை அவை சுரக்கின்றன என்று 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் எளிய வாயு என்று பின்னர் அறியப்பட்டது. 1998-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாயு நாளத்தை விரிப்பதோடு, தட்டணுக்கள் ஒட்டுவதையும் தசையணுக்கள் பெருகுவதையும் தடுக்கிறது. 1988-இல் தாமஸ் லூஷர் என்பாரும் துணைவரும், நோயாளிகளிடமிருந்து எடுத்த உள்மார்புத் தமனியையும் கால்சிரையையும் ஆய்வுக்கூடத்தில் அருகருகே வைத்துச் சோதித்தனர். உட்சுவரின் தூண்டுதலால் தமனி நன்கு தளர்ந்தது. சிரை சிறிதளவே தளர்ந்தது.

மூன்றாம் பகை: கொழுப்பு

ஓராண்டு கழிந்தபின் தலைதூக்குவது பழைய பகையே. மகுடத் தமனியை முதலில் அடைத்த கொழுப்புப் படிவு, ஒட்டையும் நாடி வருகிறது. தமனியில் அது உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். சிரை ஒட்டிலோ சில ஆண்டுகளே போதும். 1984-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் லூஸியன் காம்போ குழுவினர் ஓராண்டு முடிவில் திறந்திருந்த 132 ஒட்டுகளைப் பத்தாம் ஆண்டில் மீண்டும் படமெடுத்தனர். பழுதின்றி இருந்தவை 50 மட்டுமே. எவருடைய இரத்தத்தில் தீய கொலஸ்டிரால் மிகுந்தும், நல்ல கொலஸ்டிரால் குறைந்தும் இருந்ததோ, அவர்களிடமே நோய் மிகுந்து காணப்பட்டது.

இக்குறிப்பு ஒரு வழியைக் காட்டியது. ஜப்பானியர் அக்கிரா எண்டோ 1970-களில் பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த பொருளின் வழிவந்த ஸ்டாட்டின் மருந்துகள் அதற்குள் பயன்பாட்டிற்கு வந்திருந்தன. 1,351 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த பெருஞ்சோதனையின் முடிவு 1997-இல் வெளியாயிற்று. கொலஸ்டிராலை நன்கு தாழ்த்தியவர்களிடம் நூற்றுக்கு 27 ஒட்டுகளில் நோய் முற்றியது; மிதமாகத் தாழ்த்தியவர்களிடம் 39 ஒட்டுகளில் முற்றியது. அறுவை மருத்துவரின் ஊசி செய்துவிட்ட வேலையை, நாள்தோறும் விழுங்கும் ஒரு மாத்திரை காத்து நிற்கிறது என்பது இதனால் விளங்கும்.

அருகிலேயே இருந்த மருந்து

இத்தனை ஆராய்ச்சியும் நிகழ்ந்துகொண்டிருந்தபோது, விடையின் ஒரு பகுதி நெஞ்சுக்குள்ளேயே காத்திருந்தது. லெனின்கிராடில் கோலெஸாவ் கையாண்ட உள்மார்புத் தமனியை, 1968-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கிரீன் உருப்பெருக்கியின் துணைகொண்டு தைக்கத் தொடங்கினார். மற்றவர்கள் தயங்கினர். அத்தமனி மெல்லியது, எடுக்க நேரமும் பொறுமையும் வேண்டும், கால்சிரையோ எளிது. எளியதே வென்றது.

1986-இல் ஃபிளாய்டு லூப்பும் அவர்தம் கிளீவ்லாந்துத் துணைவரும் பத்தாண்டுக் கணக்கை வெளியிட்டபோது நிலை மாறிற்று. சிரை ஒட்டு மட்டுமே பெற்றவர்கள் இறக்கும் அபாயம், இதயத்தின் முன்புறத் தமனிக்கு உள்மார்புத் தமனியை ஒட்டப்பெற்றவர்களைக் காட்டிலும் 1.61 மடங்காக இருந்தது. உள்மார்புத் தமனி ஒட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு போலப் பத்தாண்டுக்குப் பின்னும் திறந்திருப்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. காரணங்களை முன்னரே கண்டோம். அது பிறந்தது முதல் தமனியின் அழுத்தத்தில் வாழ்ந்தது. காக்கும் வாயுவை மிகுதியாகச் சுரப்பது. பெரும்பாலும் தன் வேரிலிருந்து அறுபடாமலே மறுமுனை மட்டும் இதயத்திற்குத் திருப்பப்படுவது. அன்று முதல் அதுவே முதல் ஒட்டு என்னும் முறை நிலைபெற்றது.

மணிக்கட்டில் மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கும் முன்கைத் தமனியின் கதை இன்னும் சுவையானது. பாரிஸில் அலேன் கார்ப்பாந்தியே 1971-இல் அதனை ஒட்டாகப் பயன்படுத்தினார். பல ஒட்டுகள் சுருங்கி அடைபட்டதாகத் தெரிந்ததால் அம்முறை கைவிடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, அன்று அடைபட்டதாகக் கருதப்பட்ட ஒட்டு ஒன்று பழுதின்றித் திறந்திருப்பது படத்தில் தெரியவந்தது. கிறிஸ்டோஃப் ஆக்கார் முதலியோர் தமனியை மென்மையாக எடுத்தும், சுருக்கத்தைத் தடுக்கும் மருந்தளித்தும், 1990-களில் அம்முறைக்கு மறுவாழ்வளித்தனர். 2018-இல் ஆறு சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, முன்கைத் தமனி கால்சிரையைவிடக் குறைவாகவே அடைபடுகிறது என்பது உறுதியாயிற்று.

தோல்வி தந்த பாடம்

ஆராய்ச்சி என்றால் வெற்றிகளின் வரிசை என்று எண்ணிவிடலாகாது. தசையணுக்களின் பெருக்கத்தை அதன் மூலத்திலேயே நிறுத்த 2000-த்தை ஒட்டி ஒரு நுட்பமான வழி வகுத்தனர். உயிரணு பிளவுபடுவதற்கு ஆணையிடும் புரதத்தை ஏமாற்றிப் பிடித்துக்கொள்ளும் மரபணுத் துணுக்கு ஒன்றை உருவாக்கி, ஒட்டுவதற்கு முன் சிரையை அதில் நனைத்தனர். அமெரிக்காவில் 107 மருத்துவமனைகளில் 3,014 நோயாளிகள் இச்சோதனைக்கு இசைந்தனர். 2005-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் ஒட்டு பழுதுற்ற நோயாளிகள், மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 45, பெறாதோரில் 46. மருந்து பயனற்றுப் போயிற்று.

ஆயினும் உழைப்பு வீண்போகவில்லை. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஓர் ஒட்டேனும் இத்துணை விரைவில் பழுதுறுகிறது என்னும் கசப்பான உண்மையை அச்சோதனையே உலகிற்கு உணர்த்தியது. மேலும், அதே நோயாளிகளின் குறிப்புகளை 2014-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, அறுவைக் கூடத்தில் சிரையை எந்த நீர்மத்தில் இட்டு வைத்திருந்தனர் என்பதும் வேறுபாடு விளைப்பதாகத் தோன்றியது. வெறும் உப்புநீரினும், இரத்தத்தின் காரநிலைக்கு ஏற்பச் சமன்செய்த நீர்மத்தில் வைக்கப்பட்ட சிரைகள் குறைவாகவே பழுதுற்றிருந்தன. சில நிமிட ஊறலும் சிரைக்கு நினைவிருக்கிறது போலும்!

இதே எண்ணத்தைச் செயலில் காட்டியவர், பிரேஸில் நாட்டிலிருந்து ஸ்வீடன் வந்து எர்ரப்ரூ நகரில் பணியாற்றிய டொமிங்கோஸ் ஸோஸா. சிரையைச் சுற்றியுள்ள கொழுப்பை உரிக்க வேண்டாம். அதனை ஊதிப் பெருக்கவும் வேண்டாம். சுற்றத்தோடு அப்படியே எடுங்கள் என்றார் அவர். சிரையின் சுவருக்கே ஊட்டமளிக்கும் நுண்நாளங்கள் அக்கொழுப்பில் உள்ளன. வேர்மண்ணோடு நாற்றுப் பிடுங்குவதற்கு ஒப்பான முறை இது. 1996-இல் இம்முறையை வெளியிட்ட அவர்தம் குழுவினர், 16 ஆண்டுகளுக்குப் பின் ஒட்டுகளைப் படமெடுத்தபோது, இம்முறையில் நூற்றுக்கு 83-உம், பழைய முறையில் 64-உம் திறந்திருந்தன. 2021-இல் சீன நாட்டில் 2,655 பேரிடம் நிகழ்ந்த சோதனையிலும் ஓராண்டு முடிவில் அடைப்புக் குறைந்தது. ஆனால் 2024-இல் வெளியான ஸ்வீடன் நாட்டுச் சோதனை வேறுவிதமாகப் பேசியது: இரண்டாண்டுகளில் ஒட்டுக்குத் தெளிவான நன்மை தெரியவில்லை, காலில் புண் ஆறுவதில் தொல்லை மிகுந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

நமக்கு இதனால் என்ன?

மாரடைப்பு நம் நாட்டவரை இளவயதிலேயே தாக்குகிறது. உலகின் பல நாடுகளை ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வில், தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 என்றும் தெரிந்தது. ஐம்பது வயதில் ஒட்டுப் பெறும் ஒருவருக்கு அது இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டும். மகளின் மணத்தையும் பேரனின் பள்ளிப் படிப்பையும் காண எண்ணுபவருக்குப் பத்தாண்டு போதுமா?

டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் நாக்பூரிலும் வாழும் நம்மவர் குடும்பங்களில் ஒருவருக்கேனும் இச்சிகிச்சை நேர்ந்திருத்தல் கூடும். வேற்றுமொழி வழங்கும் ஊரில், மருத்துவமனை கொடுக்கும் ஆங்கிலத் தாளை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பதே பெரும்பாலும் நம் வழக்கம். அத்தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘லிமா’ என்று எழுதியிருப்பின் அது இடப்புற உள்மார்புத் தமனி. ‘எஸ்.வி.ஜி.’ என்றிருப்பின் அது காலிலிருந்து எடுத்த சிரை ஒட்டு. அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது எது எங்கே ஒட்டப்பட்டது, எந்த மருந்து எதற்கு என்று கேட்டறிவது நம் உரிமை, கடமையும் ஆகும்.

வலி நின்றுவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுவோர் நம்மிடையே பலர். அறுவையால் நோய் தீர்ந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். இவ்வரலாறு கற்பிப்பது வேறு. அறுவை, நோயைச் சுற்றி ஒரு பாதை அமைத்ததே தவிர, நோயின் வேரைக் களையவில்லை. தட்டணுக்களை ஆஸ்பிரினும், கொழுப்பை ஸ்டாட்டினும் அடக்கி வைக்கின்றன. புகைபிடித்தல் ஒட்டையும் கெடுக்கும். மிகுந்த இரத்த அழுத்தமும் கட்டுப்படாத நீரிழிவும் கெடுக்கும். மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவரின் சொற்படியே நிகழ வேண்டும்.

லியோன் நகரின் ஊசிவேலையில் தொடங்கி, சிக்காகோ, லெனின்கிராட், கிளீவ்லாந்து, மான்ட்ரியல், எர்ரப்ரூ எனப் பல நகரங்களிலும் நூறாண்டாக நடந்த இவ்வாராய்ச்சி, அறுவை மருத்துவர் செய்யத்தக்கது எது என்று பெரிதும் தெளிவாக்கிவிட்டது. ஒட்டுமாங்கன்றை நட்டுக் கொடுத்தவர் தோட்டக்காரர். அவர் சென்றபின் நாள்தோறும் நீரூற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்போருக்கே அதன் நிழல் நெடுங்காலம் உதவும்.